வளையம் கழற்றிய பூதம்

மிஷினைக் கீழ வையுங்க தம்பி. முதல்ல அதைக் கீழ வையுங்க. அறுக்கிற மிஷினைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிற ஆளுகிட்ட எனக்குப் பேச வராது. ஆங், அந்தச் செடிச்சட்டிப் பக்கம் வையுங்க. கொஞ்சம் நிழல்ல தள்ளி நில்லுங்க, வெயில் மண்டையைப் பிளக்கு. காத்துதான் இந்த வீசு வீசுதேன்னு பாக்காதீய. இந்த ஊர்க் காத்து வெயிலையும் சேத்து அள்ளிட்டுத்தான் வரும்.

எதிர்வீட்டு மரியபுஷ்பம்தானே உங்களக் கூட்டியாந்தது? தெரியும். "தவசிமணி அண்ணன் வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு, பெத்த மகளே பூட்டிட்டுப் போயிட்டா"ன்னு ஊரு பூரா சொல்லியிருப்பா. நான் மாட்டிக்கிடல தம்பி. இருக்கேன். என் வீட்டுக்குள்ள நான் இருக்கேன், இதுல என்ன அதிசயம்?

பிளக்கைத் தேடாதீய. வராண்டாச் சுவர்ல உங்க கைக்கு எட்டுற மாதிரிதான் இருக்கு, ஆனா அதுல கரண்டு வராது. நீங்க வண்டியை நிறுத்தும்போதே மெயினை இறக்கிட்டேன். ஃபியூஸையும் உருவிட்டேன். இந்தா பாருங்க, சட்டைப் பையில கிடக்கு. மரியபுஷ்பம் வீட்டுல இருந்து ஒயர் இழுத்தீயளே, அது பாதி ரோட்டுல தீந்துபோனதையும் ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் நின்னேன். சிரிப்பு வந்துச்சு. கோவிச்சுக்காதீய. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க பட்டறைக்காரங்கதானே எங்க பின்வாசலுக்குக் கிரில் போட்டு வெல்டிங் வச்சது? பட்டறைப் பேரு, போன் நம்பரு எல்லாம் தகட்டுல அடிச்சு ஒட்டியிருக்கு. நல்ல வேலை. நேத்து நானே பிடிச்சு உலுக்கிப் பாத்தேன், ஒரு நூல் அசையல.

ஏன் திறக்கக் கூடாதுன்னு கேக்கீய. சொல்லுதேன். என் வேலை என்னன்னு தெரிஞ்சாத்தான் அது புரியும், இல்லன்னா கிறுக்கன்னு நினைச்சுட்டுப் போயிருவீய. நான் காத்தாடிக் கம்பெனி சப்ஸ்டேஷன்ல ஆப்பரேட்டரு. இந்தக் காட்டுல நிக்கிற காத்தாடி அத்தனையும் சுத்தி அனுப்புற கரண்டு எங்ககிட்ட வந்துதான் வெளிய போவும். ஒருத்தன் லைன்ல வேலை பாக்க ஏறணும்னா முதல்ல என்கிட்ட வந்து எல்.சி. வாங்கணும். லைன் கிளியரு. நான் சுவிட்சை ஆஃப் பண்ணி, லைனுக்கு எர்த் மாட்டி, மிச்சம் மீதி கிடக்கிற கரண்டை எல்லாம் மண்ணுக்குள்ள இறக்கிக் குடுப்பேன். அவன் அந்தச் சுவிட்சுல தன் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைத் தன் பையில வச்சிக்கிட்டு ஏறுவான். ஒரு பூட்டு, ஒரே சாவி. மாத்துச் சாவி கிடையாது. வேலை முடிஞ்சு அவன் இறங்கி, அவனே வந்து, அவன் கையாலயே திறந்தாத்தான் நான் திரும்பக் கரண்டு விடுவேன். மந்திரியே வந்து நின்னாலும் விடமாட்டேன். பூட்டின ஆளுதான் திறக்கணும்.

ஒரு இடத்துல, ஊரைச் சொல்ல வேண்டாம், "அவன் இறங்கிட்டான், விட்டுரு"ன்னு எவனோ போன்ல சொன்னதைக் கேட்டு ஒரு ஆப்பரேட்டர் விட்டுட்டான். லைன்ல ஏறினவன் இறங்கல. அந்த ஆளோட சம்சாரம் சாப்பாட்டுத் தூக்கோட கேட்டுல வந்து நின்னுக்கிட்டு இருந்தாளாம். அதைக் கேட்ட அன்னைக்கு முடிவு பண்ணினேன். போன்ல எவன் சொன்னாலும் செல்லாது. நேர்ல வரணும், கையால திறக்கணும். என் சர்வீஸ்ல இன்னைய வரைக்கும் அப்படித்தான்.

அந்தப் பூட்டுதான் தம்பி இது. சிவப்பா இருக்கு பாருங்க. சப்ஸ்டேஷன்ல புதுசு வந்ததும் பழசுல ஒண்ணை வீட்டுக்குக் கொண்டாந்தேன். முதல்ல போட்டிருந்த நாட்டுப் பூட்டை எம் பிள்ள தலைப்பின்னை வச்சே திறந்துட்டா, அதான்.

ஹெப்சிபா. எங்க வீட்டுல ஹெப்சி. ஒரே பிள்ள. அவ அம்மா காய்ச்சல்ல போய்ச் சேர்ந்த பிறகு நானும் அவளும்தான். காலேஜு முடிச்சிட்டா. கெட்டிக்காரி. கண்ணு ஒரு இடத்துல நிக்காது, எதுல என்ன ஓட்டைன்னு பாத்துக்கிட்டே இருக்கும். போன்ல ஒரு விளையாட்டு விளையாடுவா. காடு மலைன்னு அலைஞ்சு விதவிதமான ஜந்துக்களப் பிடிச்சுட்டு வந்து, பேரு வச்சு, சோறு போட்டு வளத்து, அடுத்தவன் ஜந்துவோட சண்டைக்கு விடணும். கோழிச்சண்டை மாதிரின்னு வையுங்க, ரத்தம் கிடையாது. அந்த விளையாட்டுல ஏதோ பெரிய தப்பு ஒண்ணைக் கண்டுபிடிச்சு அந்தக் கம்பெனிக்கே எழுதிப் போட்டிருக்கா. அவன் இவளை வேலைக்குக் கூப்பிடுதான். பெங்களூருல. நாள் பூரா விளையாடித் தப்புக் கண்டுபிடிக்கிறதுதான் வேலையாம். விளையாடச் சம்பளமா? எந்த ஊர்லய்யா இருக்கு இது?

நான் வேண்டாம்னு சொன்னேன். திட்டல, அடிக்கல. "காத்து சீசன் முடியட்டும், நானே கூட வந்து பாத்து விசாரிச்சுட்டு வாரேன்"ன்னுதான் சொன்னேன். சீசன்ல எங்களுக்கு லீவு கிடையாது பாருங்க. காத்து அடிக்கும்போது காசு கொட்டுது, ஆப்பரேட்டர் சீட்டை விட்டு எழும்பக் கூடாது. அடுத்த ஷிப்டுக்காரன் கோயில்பிள்ளை வந்து உக்காந்தாத்தான் நான் எழும்பலாம். அவன் வரலன்னா அவன் ஷிப்டும் எனக்குத்தான். அவன் மாமியாருக்கு சீசன் வந்தாத்தான் முடியாமப் போவும், ஒவ்வொரு வருசமும் பாக்கேன். நாலு சுவரு, முன்னால மீட்டரு, வெளிய டிரான்ஸ்பார்மரோட உம்முங்கிற சத்தம். அதுக்குள்ளதான் என் ஆயுசு போச்சு.

"சீசன் முடியுற வரைக்கும் அவன் காத்திருக்க மாட்டாம்ப்பா"ன்னு அவ சொன்னா. "நான் போயிருவேன்"ன்னும் சொன்னா. சொன்னதைச் செய்யிற பிள்ள. வீட்டுல பாத்துக்கிட ஆளு இல்ல. நான் என்ன செய்ய? டூட்டிக்குப் போகும்போது முன்வாசல் கிரில்லைப் பூட்டிட்டுப் போனேன். போனையும் வாங்கி வச்சிக்கிட்டேன்.

அப்படிப் பாக்காதீய. நான் என்ன அரக்கனா? சோறு பொங்கி, தண்ணி பிடிச்சு வச்சு, டி.வி.க்குக் காசு கட்டி, அவளுக்குப் பிடிக்கும்னு முந்திரிக்கொத்து வாங்கி டப்பாவுல போட்டு வச்சிட்டுத்தான் பூட்டுவேன். ஜன்னல்ல நின்னா ரோடு தெரியும், காத்தாடி தெரியும். பத்திரமா இருந்தா. ஒரு சீசன்தானே? அவதான் பேச்சை நிறுத்திட்டா. வாப்பான்னும் இல்ல, போப்பான்னும் இல்ல. தட்டுல சோத்தைப் போட்டு வச்சிட்டு அந்தப் பின்வாசல் கிரில்லுகிட்ட போயி உக்காந்துருவா. உங்க பட்டறைத் தகட்டையே பாத்துக்கிட்டு இருப்பா.

போனு என் பையிலதான் கிடக்கும். பெங்களூருல இருந்து ஒரு பொம்பளப் பிள்ள கூப்பிட்டா. ஹெப்சிபா இருக்காங்களான்னா. அப்படி யாரும் இல்லன்னுட்டேன். நாசூக்காத்தான் சொன்னேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டா, அப்புறம் விட்டுட்டா. பாத்தீயளா, அவ்வளவுதான் அவங்க அக்கறை.

கதைக்கு வாரேன். ஒரு நாள் கோயில்பிள்ளை வரல. தொடர்ந்து அடுத்த ஷிப்டும் நான்தான். மீட்டரைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. சரி, இந்தப் பிள்ள எதுக்கு இப்படிக் கிறுக்குப் பிடிச்சு அலையுதுன்னு பாப்போமேன்னு அந்த விளையாட்டைத் திறந்தேன். அவ பிறந்த வருசம்தான் போன் பூட்டுத் திறக்கிற நம்பரு. அது எனக்குத் தெரியாதா?

உள்ள ஒரு பட்டி மாதிரி இருக்கு. அவ பிடிச்ச ஜந்துக்க எல்லாம் அதுலதான் கிடக்கு. ஒண்ணு குட்டிக்கரணம் போடுது, ஒண்ணு மீனைக் கடிச்சுக்கிட்டு ஓடுது, ஒண்ணு சும்மா மல்லாந்து கிடக்கு. மூலையில, அந்தப் பூதம். அதைப் பாத்ததும் ஞாபகம் வந்துட்டு. முன்னால, நாங்க பேசிக்கிட்டு இருந்த காலத்துல, ஓடியாந்து காட்டியிருக்கா. "யப்பா, இதப் பாருங்க, இது உங்க டிபார்ட்மெண்ட்டு"ன்னு சொல்லி அப்படிச் சிரிச்சா. அதுக்கு வாயில நுழையாத ஒரு பேரு. நான் பூதம்னே சொல்லுதேன்.

கருங்கல்லால ஒரு ஆளு தம்பி. தலைன்னு தனியா ஒண்ணு இல்ல. முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு கோடு, மஞ்சளா எரியும். அதான் கண்ணு. கல்லுக்குள்ள மின்னல் ஓடுது. முன்ன ஒரு காலத்துல ஒரு கோட்டையைக் காவல் காக்கிறதுக்குக் கல்லைச் செதுக்கி ஆளு செஞ்சாங்களாம், அதுல இடி இறங்கி அதுக்கு உசுரு வந்துட்டாம். அது ஓடின ஓட்டத்தைப் பாத்து, செஞ்சவனே பயந்துபோயி, ரெண்டு மணிக்கட்டுலயும் இடுப்புலயும் செம்பு வளையத்தைப் போட்டு இறுக்கிட்டான். அதுல இருந்து அது காவலுக்கு நிக்கு. கோட்டை இடிஞ்சு மண்ணாப் போச்சு, இன்னும் நிக்கு. அந்த விளையாட்டுலயே அப்படி ஒண்ணுதான். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அந்த விளையாட்டுக்குள்ள புயல் அடிக்கிற அன்னைக்குத்தான் வெளிய வரும். எம் பிள்ள ஒரு மழைக்காலம் பூரா காத்துக்கிடந்து பிடிச்சா.

மத்தது எல்லாம் ஆடுது ஓடுது, இது மட்டும் அசையல. கண்ணு எரியுது. மின்னலு வளையம் வரைக்கும் ஓடியாரும், முட்டும், திரும்பிப் போவும். திரும்ப ஓடியாரும், முட்டும். நான் விரலை வச்சுத் தொட்டேன். உம்முன்னுச்சு தம்பி. அப்படியே எங்க டிரான்ஸ்பார்மர் சத்தம். வெளிய அது உம்முங்குது, உள்ளங்கையில இது உம்முங்குது. பாவம்ல? யாருக்கு என்ன துரோகம் பண்ணிச்சு அது? ஓடத் தெரிஞ்சதைப் பிடிச்சுக் கட்டி வச்சிருக்காவளே, இவங்க மனுசங்கதானான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. வாய்விட்டே திட்டினேன். யாரு கேக்கா அங்க?

அதுக்கப்புறம் தினமும் ஷிப்டுக்குப் போனா அதைத்தான் பாப்பேன். தீனி போடுவேன். தீனின்னா சின்னச் சின்ன மின்னல் துண்டு. வாங்கிக்கிடும். வீட்டுல எம் பிள்ள பேசலயா, நான் இதுகிட்ட பேசுவேன். இன்னைக்குக் காத்து எப்படி, கோயில்பிள்ளை என்ன சொல்லி லீவு போட்டான், எல்லாம் சொல்லுவேன். உம்முன்னு கேட்டுக்கிடும். வீட்டுலயும் உம்முதான், ஆனா இது வேற உம்மு.

ஒரு நாள் தட்டித் தடவிக்கிட்டு இருக்கும்போது வளையம் மாதிரி ஒரு படம் வந்துச்சு. அதை அமுக்குனா வளையத்தைக் கழட்டலாம் போல. இங்கிலீசுல என்னமோ கேட்டான், சரின்னு அமுக்கினேன். வலது கை வளையம் கழண்டு கீழ விழுந்துச்சு. தம்பி, அந்தக் கை எரிஞ்சது பாருங்க! அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சுது. இது வளையம் இல்ல, எர்த்து. லைனுக்கு எர்த் மாட்டி வச்சிருக்காங்க. எவனோ எல்.சி. வாங்கிட்டு, வேலையை முடிச்சிட்டு, திருப்பிக் குடுக்காமலே செத்துப்போயிருக்கான். அதான் இத்தனை காலமா இது செத்த லைனாக் கிடக்கு.

எங்க வேலையில எர்த்தை எடுத்தா லைனுக்கு உசுரு வரும். லைன் எங்க ஓடும்? கம்பத்துலதானே கிடக்கும்? அப்படித்தான் நினைச்சேன். மூணையும் கழட்டினா இதுவும் மத்த ஜந்துக்க மாதிரிப் பட்டிக்குள்ள சந்தோசமா ஆடி ஓடிக்கிட்டு இருக்கும், எம் பிள்ளைக்கும் காட்டலாம், அவளும் ஒரு வார்த்தை பேசுவான்னு நினைச்சேன். இடது கையையும் கழட்டினேன். கடைசியா இடுப்பு. அவன் திரும்பத் திரும்பக் கேக்கான், நிச்சயமா, நிச்சயமான்னு. நிச்சயமாத்தான்லே, எனக்குத் தெரியாதா எர்த் எடுக்கன்னு சொல்லி அமுக்கினேன்.

ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். வேலியைத் தாண்டி, மலையைத் தாண்டி, ஒரு கோடு மாதிரிப் போயிட்டு. திரும்பிக்கூடப் பாக்கல. மூலையில வளையம் மூணும் தரையில கிடக்கு.

நான் அழுதேன் தம்பி. வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், அழுதேன். கொஞ்ச நேரம் கழிச்சு மனசு லேசாயிட்டு. சரி, போவட்டும். கட்டிக்கிடந்த உசுரு ஒண்ணை அவுத்து விட்டிருக்கோம், புண்ணியம்தான்னு நினைச்சேன். அன்னைக்கும் ரெண்டு ஷிப்டு முடிஞ்சு வரும்போது புரோட்டா கட்டிட்டு வந்தேன். வந்து கிரில்லைத் திறந்து, உள்ள போயி, திரும்பப் பூட்டிட்டு, அவளைக் கூப்பிட்டேன். "ஹெப்சி, அந்தப் பூதத்தை நான் அவுத்து விட்டுட்டேன்ம்மா. பாவம், எம்புட்டு நாளு கட்டி வச்சிருப்ப? எனக்குப் பாக்கச் சகிக்கல"ன்னேன்.

கத்தப் போறான்னு நினைச்சேன். கத்தல. என்னையவே பாத்தா. "மூணு வளையத்தையும் கழட்டிட்டீயளாப்பா?"ன்னா. "ஆமா." "ஓடிச்சா?" "என்னமா ஓடிச்சு! ஒரு கோடு மாதிரி. திரும்பிக்கூடப் பாக்கலம்மா"ன்னேன். அவ சிரிச்சா தம்பி. சீசன் ஆரம்பிச்சதுல இருந்து அவ பல்லைப் பாக்கல நான், அன்னைக்குச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சிக்கிட்டா. ஒரு மழைக்காலம் பூரா காத்திருந்து பிடிச்சது போயிட்டேன்னு இருந்திருக்கும். "திரும்ப வருமாம்மா?"ன்னு கேட்டேன். "வராதுப்பா. விட்டா விட்டதுதான்"ன்னா. "வளையம் எல்லாம் கிடக்கே, அதை எடுக்கக்கூடவா வராது?"ன்னேன். புரோட்டாவைப் பிச்சு என் தட்டுல வச்சா.

அன்னைக்கு ரொம்பப் பேசினோம். அவளாவே கேட்டா, "உங்க சப்ஸ்டேஷன்ல பூட்டின ஆளுதான் திறக்கணும்னு சொல்லுவீயளே, அது எப்படிப்பா?"ன்னு. நானும் சந்தோசத்துல எல்லாத்தையும் விவரமாச் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன மாதிரிதான், இன்னும் விளக்கமா. பூட்டையே கையில எடுத்துக் குடுத்தேன். எப்படி மாட்டணும், எப்படி அமுக்கினா விழும், சாவியை எங்க வச்சிக்கிடணும், எல்லாம். "மாத்துச் சாவி நிஜமாவே கிடையாதாப்பா?"ன்னா. "கிடையாதும்மா, அதுதான் இந்தப் பூட்டோட மகிமை"ன்னேன். எம் பிள்ளைக்கு என் வேலையில இவ்வளவு ஆசையா, இத்தனை நாளு தெரியாமப் போச்சேன்னு எனக்கு அப்படி ஒரு பூரிப்பு.

ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்த அலுப்பு. பூட்டையும் சாவியையும் திரும்ப வாங்காமலே படுத்தேன், செத்த பிணம் மாதிரித் தூங்கிட்டேன். எழும்பிப் பாத்தா வீடு சத்தமில்லாம இருக்கு. கிரில் சாத்தியிருக்கு, வெளிப்பக்கம் பூட்டு தொங்குது. அவ செருப்பைக் காணல, பையைக் காணல.

கோவமா? இல்லன்னு சொன்னாப் பொய்தான். முதல்ல கிரில்லைப் பிடிச்சுக் கத்தினேன். அப்புறம் உள்ள வந்து பாத்தேன். சோறு பொங்கி மூடி வச்சிருக்கா. குழம்பு ரெண்டு நேரம் சூடுபண்ணி வச்சிக்கிடற மாதிரி வச்சிருக்கா. குடம் எல்லாம் நிறையத் தண்ணி. என் பிரஷர் மாத்திரையை எடுத்து மேசையில வச்சு, அந்த முந்திரிக்கொத்து டப்பாவையும் பக்கத்துல வச்சிருக்கா. பாசம் இல்லாமயா? பாசம் இருக்கிறதுனாலதானே தம்பி இவ்வளவும் செஞ்சு வச்சிட்டுப் பூட்டுதா? எனக்கு அது தெரியும். என் பிள்ள என்னையப் போல.

அதுக்கப்புறம் உள்ளதான் இருக்கேன். கம்பெனிக்குப் போன் பண்ணி முதுகு பிடிச்சிட்டுன்னு சொன்னேன். சீசன்ல தவசிமணி லீவா, நெசமாவான்னு கேட்டாவ. கோயில்பிள்ளை மாட்டிக்கிட்டு முழிப்பான், அனுபவிக்கட்டும். ஜன்னல்ல நின்னா ரோடு தெரியுது, காத்தாடி தெரியுது. முதல் நாளு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ரோட்டையே பாக்கத் தோணுது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழும்பி எழும்பிப் பாக்கேன். சோறு இறங்கல. ஒரு சமயம் மூச்சு முட்டுற மாதிரி வந்து, கிரில்லுல முகத்தை வச்சிக்கிட்டு நின்னேன். அது காத்தோட வர்ற சூட்டுனாலதான். அவளும் அப்படி முகத்தை வச்சிக்கிட்டு நிப்பா. வெளிய வேடிக்கை பாக்கான்னு நான் நினைச்சுக்கிடுவேன்.

அவ போனு என்கிட்டதான் கிடக்கு. விளையாட்டைத் திறந்து பாக்கேன். மூலை காலியாத்தான் இருக்கு. வளையம் மூணும் அப்படியே கிடக்கு. வந்து எடுத்துட்டுப் போவலாம், நான் ஒண்ணும் செய்யமாட்டேன். போன்ல சார்ஜு குறைஞ்சுக்கிட்டே வருது, மெயினைப் போட்டாச் சார்ஜு ஏறும். போட்டா நீங்க மிஷினைச் சொருகிருவீய. அதான் போடல.

இப்பப் புரியுதா ஏன் அறுக்க வேண்டாம்னு சொல்லுதேன்னு? பூட்டு அவ பூட்டு. சாவி அவ பையில. வேலையை முடிச்சிட்டு அவ வந்து, அவ கையால திறக்கணும். நீங்க பாட்டுக்கு அறுத்துட்டுப் போயிட்டா அவ எதுக்குத் தம்பி இங்க வரணும்? அவளுக்கு இந்த வீட்டுல திறக்கிறதுக்கு என்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்க?

என்ன? என்ன சொன்னீய? கிட்ட வாங்க, காத்துல ஒண்ணும் கேக்கல.

மரியபுஷ்பம் கூப்பிடலயா? பின்ன யாரு?

ஹெப்சியா?

உங்க பட்டறைக்கா? அவளுக்கு உங்க நம்பரு எப்படி... ஆங். பின்வாசல் தகடு. அதைத்தான் அப்படிப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. நான் கூட... சரி. எங்க இருந்து பேசினா? பெங்களூரா? நல்லா இருக்காளா? குரல் எப்படி இருந்துச்சு தம்பி? அழுதாளா, சிரிச்சாளா? சாப்பிட்டாளான்னு கேட்டீயளா? உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க எப்படிக் கேப்பீய.

என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. "பூட்டை அறுத்துருங்க அண்ணே, எங்கப்பா வெளிய போவட்டும்"னா சொன்னா? வேற? "நான் வரமுடியாது"ன்னு சொன்னாளா, "இப்ப வரமுடியாது"ன்னு சொன்னாளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. இப்பங்கிற வார்த்தை இருந்துச்சா?

ஞாபகம் இல்லயா.

செல்லாது. உங்களுக்கு முதல்லயே சொன்னேன்ல? போன்ல சொன்னாச் செல்லாது. எவன் போன்ல சொன்னாலும் நான் கேக்கமாட்டேன். பெத்த பிள்ளன்னாலும் சட்டம் ஒண்ணுதான். நேர்ல வரணும், கையால திறக்கணும். அவளுக்கு அது தெரியும். புரோட்டா சாப்பிட்டுக்கிட்டே நான்தானே சொல்லிக் குடுத்தேன்? தெரிஞ்சுக்கிட்டே போன்ல சொல்லுதான்னா...

மிஷினை எடுக்காதீய. நீள ஒயர் எடுத்துட்டு வரப் போறீயளா? போயிட்டு வாங்க. எத்தனை ஒயர் கொண்டு வந்தாலும் இந்தா பாருங்க, கம்பிக்குள்ள கையை விட்டுப் பூட்டைப் பொத்திக்கிட்டேன். இப்ப எங்க பிளேடை வைப்பீய? கை வலிக்கத்தான் செய்யும். வலிக்கட்டும். எவ்வளவு நேரம்னாலும் இப்படியே நிப்பேன். நிக்கிறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல.

தம்பி. போகாதீய, ஒரு நிமிசம். உங்ககிட்ட அவ நம்பரு இருக்கும்ல? வந்த போன்லயே இருக்கும். எனக்குத் தர வேண்டாம், நீங்களே ஒரு போன் போடுங்க. அப்பா சொன்னாருன்னு சொல்லுங்க. மெயின் ஆஃபு. ஃபியூஸ் என் பையில இருக்கு. லைன்ல ஒரு பொட்டுக் கரண்டு இல்ல. பயப்படாம வந்து கையை வைக்கலாம்னு சொல்லுங்க.